லொறி ஸ்பிரிங் தகட்டில் சமையல் கத்தி: வீட்டுப் பட்டறைக்கான முழு வழிகாட்டி

மீன், மரக்கறி, இறைச்சி மூன்றுக்கும் உதவும் ஒரு கத்தியை வீட்டிலேயே செய்து முடிக்கும் வழி இது. அலகு 175 மில்லிமீற்றர், பிடி 120 மில்லிமீற்றர், அகலம் 42, முதுகுத் தடிப்பு 3. வார இறுதிகளில் மட்டும் வேலை செய்தால் ஒரு மாதத்துக்குள் முடியும்.

புதிதாகத் தொடங்குபவர்களின் அலகுகளில் பெரும்பாலானவை தோய்ச்சலில், அதாவது சிவக்கச் சூடாக்கி எண்ணெயில் இறக்கி இறுக்கும்போது, கெடுவதாகத் தெரியும். ஆனால் அந்தக் கேடு அதற்கு முன்னரே, அராவும்போதும் துளை போடும்போதும், அலகுக்குள் வந்துவிடுகிறது. எண்ணெய்க்குள் போகும்போது அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். ஆகவே கீழே உள்ள ஒழுங்கை மாற்றாதீர்கள்.

1. இரும்பைத் தெரிவு செய்தல்

கட்டிடக் கம்பி, கேற் பட்டம், தண்ணீர்க் குழாய் எதுவும் உதவாது. அவற்றில் கரி (காபன்) மிகக் குறைவு, எத்தனை தரம் தோய்த்தாலும் இறுகாது. லொறி, பிக்கப் வண்டிகளின் ஸ்பிரிங் தகட்டில் கரி ஏறத்தாழ 0.6 வீதமும், அதோடு கொஞ்சம் குரோமியமும் உண்டு. அமெரிக்க முறையில் 5160 என்றும் ஜப்பான் முறையில் எஸ்யூபி 9 என்றும் சொல்லப்படும் உருக்கு வகை இது. எண்ணெயிலேயே இறுகும், வெடிப்பது குறைவு. முதல் கத்திக்கு இதைவிட நல்ல இரும்பு தேடவேண்டாம்.

பழைய தகடு வாங்கும்போது வெடிப்பைப் பாருங்கள். பல வருடம் பாரம் சுமந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். துருவைத் தேய்த்துவிட்டு மண்ணெண்ணெய் பூசி, கால்மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூளைத் தூவுங்கள். கீறல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் ஊறி வந்து வெள்ளைத் தூளில் ஒரு கறுத்த கோடாகக் காட்டும். நடுத்துளைக்கு அருகிலேயே வெடிப்புகள் அதிகம். அந்தப் பகுதியிலிருந்து இரு பக்கமும் 5 சென்ரிமீற்றர் வெட்டி எறிந்துவிடுங்கள்.

தகடு பெரும்பாலும் 6 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்பில் வரும். அதை 3 மில்லிமீற்றருக்கு அராவி இறக்குவது வீண் உழைப்பு. ஊரில் உள்ள கம்மாலையில் கொடுத்து 320 நீளம், 45 அகலம், 4 தடிப்பில் ஒரு பட்டையாக அடித்து வாங்குங்கள். கூடவே 10 சென்ரிமீற்றர் நீளத்தில் இன்னொரு சிறு துண்டும் கேளுங்கள். அது சோதனைத் துண்டு. கடைசிச் சூட்டுக்குப் பிறகு இரண்டையும் தண்ணீரில் போடவேண்டாம் என்று கொல்லரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். வேலை முடிந்த இரும்பைத் தண்ணீரில் ஆற்றுவது பழக்கமான கை. அப்படி ஆற்றினால் அரமும் ட்ரில்லும் ஏறாது, சிலவேளை பட்டையே வெடிக்கும்.

மெல்ல ஆற்றுவதற்கு உமிச்சாம்பல் மிக நல்லது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நெல் ஆலைகளில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு பழைய வாளியில் காய்ந்த சாம்பலை நிரப்பி, சிவந்த பட்டையை நடுவில் புதைத்து, மறுநாள் காலை வரை தொடாமல் விடுங்கள். சாம்பல் ஈரமாக இருந்தால் அது தண்ணீரில் ஆற்றியதற்குச் சமம்.

2. கையில் இருக்கவேண்டியவை

மேசையில் இறுக்கிய வைஸ், 12 அங்குலத் தட்டை அரம் ஒன்று கரடாகவும் ஒன்று நைசாகவும், அங்குலத்துக்கு 24 பல் உள்ள இரும்பறுக்கும் வாள் (ஹாக்சோ), ட்ரில், 3 மற்றும் 5.2 மில்லிமீற்றர் பிட்கள், 80 முதல் 600 வரை சாண்ட் பேப்பர். கிரைண்டர் இருந்தால் நேரம் மிஞ்சும், இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். கிரைண்டர் பிடிப்பவர் கண்ணாடியும் மூக்குக் கவசமும் இல்லாமல் தொடக்கூடாது. தட்டின் மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்யவும் கூடாது. சாரம், நைலோன் உடுப்பு இரண்டும் வேண்டாம், தடித்த பருத்தி உடுப்புப் போடுங்கள்.

நெருப்பு வேலைக்கு: சிரட்டைக்கரி 10 கிலோ, 20 செங்கல், முடி உலர்த்தும் ஹெயார் ட்ரையர் ஒன்று, ஒரு அங்குலக் கறுப்பு இரும்புக் குழாய் ஒரு மீற்றர், நீண்ட குறடு, பழைய ஸ்பீக்கர் காந்தம், தேங்காயெண்ணெய் 4 லீற்றர், மூடியோடு ஒரு ஆழமான இரும்புப் பாத்திரம், ஒரு வாளி மணல்.

நாகம் பூசிய ஜீஐ குழாயை உலைக்கு எடுக்கவேண்டாம். சூட்டில் நாகம் ஆவியாகி வரும், அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும்.

3. வடிவம் கீறி வெட்டுதல்

முதலில் தடித்த கடதாசி மட்டையில் கத்தியை முழு அளவில் வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். வெட்டுப்பலகையில் வைத்து வெட்டுவதுபோல அசையுங்கள். விரல் முட்டி பலகையில் இடித்தால் அலகின் அகலம் போதாது. இரும்பில் திருத்துவதைவிட மட்டையில் திருத்துவது இலகு.

பட்டையின் மேல் மார்க்கர் பூசி, மட்டையை வைத்து ஆணியால் கீறுங்கள். கோட்டுக்கு ஒரு மில்லிமீற்றர் வெளியே வெட்டி, மீதியை அரத்தால் கோடுவரை கொண்டுவாருங்கள்.

அலகு முடிந்து பிடி தொடங்கும் இடத்தில் செங்கோண மூலை வைக்காதீர்கள். அங்கே வட்ட அரத்தால் குறைந்தது 3 மில்லிமீற்றர் வளைவு கொடுக்கவேண்டும். தோய்க்கும்போது இரும்பு சுருங்கும் இழுவை எல்லாம் கூரான மூலையில்தான் சேரும். வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

4. துளைகள், இப்போதே

பிடிக்கான மூன்று துளைகளையும் இந்தக் கட்டத்தில் போட்டு முடிக்கவேண்டும். இறுகிய பிறகு சாதாரண பிட் அதில் ஏறாது. பிட்டின் முனைதான் எரியும். 3 மில்லிமீற்றர் பிட்டால் தொடங்கி 5.2 பிட்டால் பெருப்பியுங்கள். 5 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பிக்கு இந்த 0.2 இடைவெளி வேண்டும், பசை அதற்குள் போய் நிற்கும். வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வேகமாகச் சுழன்று வெட்டாமல் உரசும் பிட், துளையின் அடியை இறுக்கிவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் பிட் வழுக்கினால் பட்டை சரியாக ஆறவில்லை. பலவந்தம் பண்ணாமல் மறுபடி சிவக்கச் சூடாக்கிச் சாம்பலில் புதைக்கவும்.

துளை போட்டதும் கம்மாலைச் சிட்டம் (சூட்டில் படிந்த கறுத்த தோல்) முழுவதையும் அராவி, இரு பக்கமும் தட்டையாக்கி, தடிப்பை 3 மில்லிமீற்றருக்கு இறக்குங்கள். கண்ணாடித் துண்டின்மேல் வைத்து ஆட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

5. சரிவு அராவுதல்

அதிக பொறுமை கேட்கும் வேலை இது. அதிகம் பேர் அவசரப்படுவதும் இதில்தான்.

வாய்ப்பக்க (வெட்டும் பக்க) விளிம்பில் மார்க்கர் பூசுங்கள். அலகையும் ஒரு 3 மில்லிமீற்றர் பிட்டையும் கண்ணாடிமேல் படுக்கவைத்து, பிட்டின் முனையால் விளிம்பு நெடுக ஒரு கோடு இழுங்கள். அலகைப் புரட்டி அதேபோல இன்னொரு கோடு. பிட்டின் முனை அதன் நடுவில் இருப்பதால் இரு கோடும் தடிப்பின் நடுவிலேயே விழும். இரு பக்கச் சரிவும் இந்த நடுக்கோட்டை நோக்கித்தான் வரவேண்டும்.

முதலில் 45 பாகையில் அராவி, விளிம்பில் 1 மில்லிமீற்றர் தட்டை மிஞ்சும்வரை இரு பக்கமும் இறக்குங்கள். பிறகு அரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து அந்தச் சரிவை முதுகை நோக்கி ஏற்றுங்கள். அரம் முன்னால் போகும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கவேண்டும். இழுத்துத் தேய்த்தால் பல் மழுங்கும். ஒரு பக்கத்தில் பத்துத் தள்ளு என்றால் மறுபக்கத்திலும் பத்து. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கோடு கண்ணை விட்டுப் போய்விடும்.

விளிம்பின் 1 மில்லிமீற்றரை இப்போது தொடாதீர்கள். கூராக்கிவிட்டு நெருப்பில் வைத்தால் மெல்லிய விளிம்பு முதுகுக்கு முன்னரே அதிகம் சூடேறி, கரியை இழந்து, எண்ணெயில் அலைபோல நெளியும். ஓரளவு வெடிப்பும் வரலாம். அதேபோல இரு பக்கத் தடிப்பும் சமமில்லாவிட்டால் அலகு ஒரு பக்கம் வளையும். தோய்ச்சலில் வளைந்த அலகுகளை அளந்து பார்த்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கடைசியாக 120 சாண்ட் பேப்பரால் முதுகுக்குச் சமாந்தரமாக, நீளவாட்டில் தேய்த்து அரக்கீறல்களை எடுங்கள். வாயைக் குறுக்கே வெட்டும் ஆழமான கீறல் ஒவ்வொன்றும் வெடிப்புக்கு வழி.

6. உலை அமைத்தல்

செங்கல்லால் 40 சென்ரிமீற்றர் நீளம், 12 அகலம், 15 ஆழத்தில் ஒரு வாய்க்கால் கட்டுங்கள், சாந்து தேவையில்லை. குழாயில் 4 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 6 மில்லிமீற்றர் துளைகள் போட்டு, மறுமுனையை அடைத்து, அடியில் நெடுகப் படுக்கவையுங்கள். ஹெயார் ட்ரையரை நேரே குழாயில் செருகாமல் 5 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். அந்த இடைவெளியை மாற்றித்தான் காற்றைக் கூட்டிக் குறைக்கவேண்டும். ஒரே இடத்தில் ஊதும் உலையில் நீளமான அலகு சமமாகச் சூடேறாது, அதற்காகத்தான் இந்த நீளக் குழாய்.

கார்த்திகை, மார்கழி மழையில் நனைந்த கல்லை அப்படியே எடுக்காதீர்கள். உள்ளே உள்ள ஈரம் நீராவியாகிக் கல் தெறிக்கும். சிறு விறகு எரித்துக் கல்லை முதலில் உலர்த்துங்கள்.

கரியை 2, 3 சென்ரிமீற்றர் துண்டுகளாக உடைத்து, தூளைச் சலித்து ஒதுக்கவேண்டும். தூள் காற்றை அடைக்கும். உலையைத் திறந்த வெளியில் மட்டும் வையுங்கள். சிரட்டைக்கரிப் புகை கண்ணுக்குத் தெரியாது, மூடிய அறையில் அது உயிரை எடுக்கும்.

7. சோதனைத் துண்டு

அலகுக்கு முன்னால் சிறு துண்டைத் தோயுங்கள். இதைத் தவறவிடுபவர்களே அதிகம். இந்த உலையும் எண்ணெயும் கண்ணும் எப்படி வேலை செய்கின்றன என்பதை இந்தத் துண்டுதான் சொல்லும்.

பொழுது சாய்ந்தபிறகு வேலை செய்யுங்கள், வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது. கம்பியில் கட்டிய காந்தத்தால் அடிக்கடி ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்கு மேல் இன்னொரு நிறம் கூடவேண்டும், நமக்குத் தேவை 830 அளவில். இதற்குக் கறியுப்பு உதவும்: உப்பு உருகுவது 801 பாகையில். ஒரு சிட்டிகை தூவினால், கல்லாகக் கிடக்கும் உப்பு பளிச்சென்று ஈரமாகிப் பரவும் கணத்தில் இரும்பு 800ஐத் தாண்டிவிட்டது. பிறகு கழுவித் துடைக்க மறக்காதீர்கள், உப்பு துருவைக் கூட்டிவரும்.

எண்ணெயில் தோய்த்து ஆறியதும் அரத்தை ஓட்டுங்கள். கண்ணாடிமேல் ஓடுவதுபோல வழுக்கினால் இறுகியது. அரம் கடித்தால் சூடு போதவில்லை. மேல்தோல் மட்டும் கரியை இழந்திருக்கலாம், ஆகவே இரண்டு மூன்று தரம் அராவிய பிறகே முடிவுக்கு வாருங்கள்.

அடுத்து துண்டைத் தடித்த துணியால் சுற்றி வைஸில் இறுக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலால் அடித்து உடையுங்கள். உடைந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறத்தில், மணியே தெரியாத வழவழப்பு இருந்தால் சூடு சரி. சீனிக் கட்டியை உடைத்ததுபோல மினுங்கும் மணிகள் தெரிந்தால் சூடு எல்லை கடந்துவிட்டது, அந்த இரும்பு இறுகியும் முறியும். அப்படித் தெரிந்தால் மற்ற அரைத்துண்டைக் கொஞ்சம் குறைந்த நிறத்தில் தோய்த்து மறுபடி உடையுங்கள். கண்ணுக்குச் சரியான நிறம் பிடிபட்ட பிறகே அலகை எடுக்கவேண்டும்.

8. அலகுக்குச் சூடும் தோய்ச்சலும்

முதலில் அலகைக் காந்தம் விடும் நிறத்துக்குச் சற்று மேலே சூடாக்கி, காற்றடிக்காத இடத்தில் தொங்கவிட்டுக் கறுப்பாகும்வரை ஆறவிடுங்கள். இதை மூன்று தரம் செய்யவேண்டும். கம்மாலைச் சூட்டில் பெருத்த மணிகள் இதில்தான் சிறுக்கும், அடித்ததிலும் அராவியதிலும் உள்ளே நின்ற இழுவையும் தளரும். மூன்றாம் தரத்துக்குப் பிறகு வளைவு இருந்தால் இப்போதே நிமிர்த்துங்கள்.

எண்ணெய் 50 முதல் 60 பாகை வரை சூடாக இருக்கவேண்டும். குளிர்ந்த எண்ணெய் தடிப்பானது, அலகைச் சுற்றி ஓடாது, சூட்டை மெதுவாகவே எடுக்கும். ஒரு இரும்புக் கட்டியைச் சிவக்கச் சூடாக்கி உள்ளே விட்டால் எண்ணெய் அளவாகச் சூடாகும். பாத்திரம் உலையிலிருந்து ஓரடி தூரத்தில். அதைவிடத் தள்ளி இருந்தால் போகும் வழியிலேயே மெல்லிய வாய் சூட்டை இழந்துவிடும்.

அலகை முதுகு கீழே, வாய் மேலே இருக்கும்படி கரிக்குள் வையுங்கள். தடிப்பான பகுதிக்கு அதிக சூடு போகட்டும். நுனி சிவந்து முன்னே ஓடினால் காற்றைக் குறைத்து, அலகை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நிறம் எங்கும் ஒன்றானதும் எடுத்து, நுனி முதலாக நேர்குத்தாக எண்ணெயில் இறக்குங்கள். வெட்டுவதுபோல முன்னும் பின்னும் மட்டும் அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு முகம் முதலில் ஆறி, அலகு வளையும்.

பத்து விநாடி கழித்து எடுத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் தடித்த தோல் கையுறையோடு அல்லது இரண்டு பலகைக்கு நடுவில் அழுத்தி நிமிர்த்தக் கொஞ்ச நேரம் கிடைக்கும், அப்போது இரும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது. கைக்கு ஆறிய பிறகு வளைக்கப் போனால் முறியும்.

எண்ணெய் தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள், சிந்தியதற்கு மணல் போடுங்கள். தண்ணீர் ஒருபோதும் ஊற்றவேண்டாம். அலகைத் தண்ணீரில் தோய்ப்பதும் வேண்டாம். இந்த உருக்கு தண்ணீரில் வெடிக்கும். “டிங்” என்று ஒரு சத்தம் கேட்டால் அந்த அலகோடு இனிச் செய்ய ஒன்றுமில்லை.

9. பதம் இறக்குதல்

தோய்த்த அலகு கண்ணாடிக்கு ஒப்பானது, சீமெந்துத் தரையில் விழுந்தால் இரண்டாகும். அரச் சோதனை முடிந்ததும் அன்றிரவே பதம் இறக்கிவிடுங்கள், அதாவது மெல்லிய சூட்டில் வைத்து முறியும் தன்மையைக் குறையுங்கள்.

கேக் சுடும் ஓவன் போதும். ஒரு தட்டில் காய்ந்த மணலைப் பரப்பி, எண்ணெய் போகக் கழுவித் தேய்த்த அலகை அதில் புதைத்து, 200 பாகையில் இரண்டு மணி நேரம். எடுத்து முழுதாக ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். வீட்டு ஓவனின் சூடு ஏறி இறங்கும், மணல் அதைத் தாங்கிக்கொள்ளும். தேய்த்த இரும்பில் வெளிறிய வைக்கோல் நிறம் வந்தால் சரி. செம்மண் நிறமோ ஊதாவோ வந்தால் சூடு 260ஐ நெருங்கியிருக்கிறது. கத்தி முறியாது, ஆனால் கூர் நிலைக்காது.

10. மெலிதாக்குதல்

இப்போது வாயை 1 மில்லிமீற்றரிலிருந்து 0.4க்கு இறக்குங்கள். அரம் இனி ஏறாது. கிரைண்டரில் சாண்ட் தட்டு, அல்லது பலகைத்துண்டில் சுற்றிய 80 சாண்ட் பேப்பர். கையுறை போடாமல் பிடியுங்கள், விரலுக்குச் சுட்டால் உடனே தண்ணீரில் முக்குங்கள். வாயில் ஒரு நீலப் புள்ளி வந்தால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது, அதை முழுவதும் தேய்த்து அகற்றும்வரை அங்கே கூர் நிற்காது. பிறகு 120, 240, 400 என்று நீளவாட்டில் தேய்த்து முடியுங்கள்.

11. பிடி

முதிரை, பாலை இரண்டும் நல்லவை. மர ஆலையில் வைரப் பகுதியாகக் கேளுங்கள், வெள்ளைப் பகுதி பூச்சிக்கு. 130 நீளம், 35 அகலம், 10 தடிப்பில் இரண்டு துண்டு போதும். பச்சை மரம் வேண்டாம். பங்குனி, சித்திரை வெயில் காலத்தில் அது சுருங்கி, இரும்பு விளிம்பு வெளியே தள்ளிக் கையை அறுக்கும். பழைய யன்னல் நிலையின் துண்டு கிடைத்தால் அது புது மரத்தைவிட நல்லது.

இரு துண்டின் முன்முனையையும் ஒட்டுவதற்கு முன்னரே வடிவமைத்து, 400 வரை தேய்த்து மினுக்குங்கள். ஒட்டிய பிறகு அந்த இடத்தைத் தேய்த்தால் அலகில் கீறல் விழும். இரும்பையும் மரத்தின் உள்முகத்தையும் 80 தாளால் கரடாக்கி, தின்னரால் துடைத்து, பிறகு விரல் படாமல் மெதுவாக இறுகும் எபொக்சிப் பசையைப் பூசுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை தண்ணீர் புழங்கும் கத்திக்குத் தாங்காது. பித்தளைக் கம்பிகளைச் செருகி, கிளாம்பை அளவாக இறுக்கவேண்டும். அதிகம் இறுக்கினால் பசை முழுவதும் வெளியே வந்து, ஒட்டுவதற்கு உள்ளே ஒன்றும் மிஞ்சாது. அலகில் வழிந்ததை ஈரமாக இருக்கும்போதே துடையுங்கள். 24 மணி நேரம் தொடவேண்டாம்.

பிடியை அராவும்போது அலகைத் தடித்த துணியும் டேப்பும் சுற்றி மூடுங்கள். கம்பியை அராவும்போது சூடு ஏறவிடாதீர்கள், சூட்டில் எபொக்சி இளகும். முடிவில் லின்சீட் எண்ணெய் மெல்லிதாக இரண்டு மூன்று தரம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள் விட்டு. தேங்காயெண்ணெய் காயாது, பிடியில் பூசினால் பிசுபிசுக்கும். லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியவேண்டாம். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

12. கூராக்குதலும் பேணலும்

1000 இலக்கச் சாணைக்கல், தண்ணீர். 42 மில்லிமீற்றர் அலகில் முதுகைக் கல்லிலிருந்து 12 அல்லது 13 மில்லிமீற்றர் உயர்த்தினால் ஏறத்தாழ 18 பாகை வரும். மரத்துண்டு ஒன்றை அந்த உயரத்துக்கு வெட்டி, கையை வைக்குமுன் ஒவ்வொரு தரமும் அளந்துகொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் தேய்க்க மறுபக்கத்தில் பிசிர் எழும்பும். குதிக்கால் (வாயின் பிடிப்பக்க முனை) முதல் நுனிவரை விரலின் சதையில் அது தட்டுப்பட்ட பிறகே பக்கம் மாற்றவேண்டும். பிசிர் எழும்பாத இடம் கூராகாத இடம். கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாறி மாறித் தேய்த்துப் பிசிரை எடுங்கள்.

இது துருப்பிடிக்காத உருக்கு அல்ல. தேசிக்காயும் பழப்புளியும் பட்டால் சாம்பல் நிறமாகக் கறுக்கும். அது கேடில்லை, அந்தத் தோல் துருவைக் கொஞ்சம் தடுக்கும். சிவந்த புள்ளிதான் துரு. கல்லடி, கல்முனை போன்ற கடற்கரையோரங்களில் உப்புக்காற்றில் ஒரே இரவில் அது வந்துவிடும், கருவாடு வெட்டிய கத்தியில் இன்னும் வேகமாக. வெட்டி முடிந்ததும் கழுவி, துடைத்து, வாடைக்காற்று மழை மாதங்களில் அலகில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, மரப் பலகையில் மாட்டி வையுங்கள். தோல் உறைக்குள் நாட்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.